காயாத சுவரில் அடித்த சாயம்: சொந்தக் கையால் வீடு திருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதுதான் கோலாலம்பூரில் நம்மவர் வீடுகள் பலவற்றில் சாய வாளி திறக்கும். செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அந்த நாட்களில் எந்தப் பக்கம் நடந்தாலும் சாய வாசனைதான். ஆள் வைத்து அடிக்காமல் குடும்பமே சேர்ந்து அடித்தால் கூலி மிச்சம். பிள்ளைகளும் ஆசையாக உருளையைத் தள்ளுவார்கள். நல்ல வழக்கம். ஆனால் அக்டோபரும் நவம்பரும்தான் இங்கே மழை அதிகம் கொட்டும் மாதங்கள். மத்தியானம் வரைக்கும் வெயில் காயும், நாலு மணிக்கு இடி இடிக்கும், இரவெல்லாம் சுவர் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சுவரில் அவசரமாக அடித்த சாயம் தைப்பூசத்துக்குள் கொப்புளம் போட்டுவிடும்.

எங்கள் சமையலறையில் அப்படித்தான் ஆனது. சிங்க்கிற்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சாயம் உப்பி நின்றது. கட்டைவிரலால் அழுத்தினேன், முட்டை ஓடு போல உடைந்தது. உள்ளே அரிசி மாவு மாதிரி வெள்ளைத் தூள். அது செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கிற உப்பு. சுவருக்குள் ஊறும் தண்ணீர் அதைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு மட்டும் சாயத்துக்குப் பின்னால் தங்கி அதைத் தள்ளுகிறது. இது தெரியாமல் நாங்கள் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு மறுபடியும் சாயம் அடித்தோம். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அதே கொப்புளம். இரண்டு தடவை சாயத்துக்குக் காசு கொடுத்த பிறகுதான் வெளியே போய்ப் பார்த்தோம். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயில் ஒரு விரிசல், மழை பெய்யும் போதெல்லாம் தண்ணீர் நேராக அந்தச் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. விரிசலை அடைக்க ஆன செலவு ஒரு சின்ன டின் சாயத்தின் விலைகூட இல்லை.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு முழம் அகலத்துக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தாளை வெட்டி, சுவரில் நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர்த்துளி தெரிந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: குழாய், கூரை, வெளிச்சுவர் விரிசல், குளியலறை என்று தேட வேண்டும். தாளின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். சன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே பாதி சரியாகும்.

மூலத்தை அடைத்த பிறகு உப்புத்தூளைக் காய்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போகும். கறுப்புப் பூஞ்சை இருந்தால் தண்ணீர் கலந்த பிளீச்சால் துடைக்கலாம். ஆனால் பிளீச்சோடு குளியலறை ஆசிட்டையோ வேறு எந்தச் சுத்தப்படுத்தும் திரவத்தையோ கலக்கவே கூடாது. நச்சுவாயு கிளம்பும். அப்புறம் சுவர் காய வேண்டும், அதற்கு நாளைக் கொடுங்கள். புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவர் என்றால் நான்கு வாரமாவது பொறுக்க வேண்டும். அதன் மேல் சீலர் ஒரு பூச்சு, பிறகுதான் சாயம். சீலர் தேவையில்லாத செலவு என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். சிமெண்டில் இருக்கும் காரம் சாயத்தைத் தின்னாமல் தடுப்பதே அதுதான். முடிந்தால் இந்த வேலையை ஜூன், ஜூலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அப்போது மழை குறைவு. தீபாவளிக்கு முன் சுவரைத் துடைத்து, கதவுக்கும் கேட்டுக்கும் மட்டும் சாயம் அடித்தால் போதும், வீடு புதிதாகத்தான் தெரியும்.

எவ்வளவு சாயம் வாங்குவது என்பதிலும் காசு வீணாகிறது. ஒரு லிட்டர் சாயம் ஒரு பூச்சுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறைக்கு நான்கு சுவரும் சேர்ந்து 36 சதுர மீட்டர். கதவு சன்னலைக் கழித்தால் 32. இரண்டு பூச்சுக்கு ஆறரை லிட்டர். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனால் பாதி வாளி சாயம் அடுத்த ஆண்டு வரை ஸ்டோர் அறையில் கிடந்து கெட்டியாகாது.

சாயம் அடிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இப்போது செங்கல் வடிவத்தில் வரும் நுரை ஸ்டிக்கரை வாங்கி ஒட்டுகிறார்கள். விலை மலிவு, ஒரு மணி நேரத்தில் சுவர் மாறிவிடும். ஈரச் சுவரை மறைக்க மட்டும் தயவுசெய்து இதை ஒட்டாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் பின்னால் பூஞ்சை படரும். ஆஸ்துமா இருக்கிற பிள்ளை தூங்கும் அறையில் அது மெல்ல மெல்ல வேலையைக் காட்டும். பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அந்தச் சுவர்கள் சுண்ணாம்பு பூசியவை, அந்தப் பூச்சு வழியாகத்தான் அவை மூச்சு விடுகின்றன. அதன் மேல் சிமெண்டும் பிளாஸ்டிக் சாயமும் போட்டு அடைத்தால் உள்ளே தேங்கும் ஈரம் செங்கல்லையே அரிக்கும். அங்கே சுண்ணாம்பு அடிப்பதுதான் முறை.

சரி, சாமான்களுக்கு வருவோம்.

பெட்டியில் வாங்கி நாமே திருகிப் பூட்டும் அலமாரிகள் பெரும்பாலும் மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை. நம் ஊரில் அதன் முதல் எதிரி மாப். தினமும் தரை துடைக்கும்போது அலமாரியின் அடிவிளிம்பில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பலகையின் முகத்தில் ஒட்டுத்தாள் இருக்கிறது, அடிவிளிம்பில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அங்கே தண்ணீர் ஏறி, ஒரே ஆண்டில் பலகை ரொட்டி போல உப்பிவிடும். உப்பியது திரும்ப அமுங்காது. பூட்டுவதற்கு முன், தரையில் கிடக்கும்போதே, திறந்திருக்கும் எல்லா விளிம்பிலும் வார்னிஷ் இரண்டு பூச்சு அடியுங்கள். திருகு ஓட்டைகளின் வாயிலும் தடவுங்கள். அப்புறம் கால்களுக்கு அடியில் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் குமிழ் வைத்து இரண்டு விரல் உயரம் தூக்கிவிடுங்கள். பத்து வெள்ளி (ரிங்கிட்) கூட ஆகாத வேலை. என் அம்மா வீட்டில் இப்படிச் செய்த சப்பாத்து அலமாரி எட்டு ஆண்டாக வாசலிலேயே நிற்கிறது.

பலகையை அறுத்து நீங்களே செய்வதாக இருந்தால், குளியலறை, சமையலறைப் பக்கம் பிளைவுட்டே நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் திருகைக் கழற்றி மறுபடி பூட்டினாலும் பிடிக்கும். அழுத்திய தூள் பலகையில் ஒருமுறை திருகு தளர்ந்தால் அந்த ஓட்டை போனதுதான்.

இந்த நாட்டில் நம் கைக்கு எளிதாகக் கிடைக்கும் நல்ல மரம் ரப்பர் மரம். நம் தாத்தா பாட்டி விடியற்காலையில் பால் வெட்டிய அதே மரம், 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டப்பட்டு மேசை நாற்காலியாகிறது. பழைய ரப்பர் மர நாற்காலி ஒன்றை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது வெளுத்த பால்நிறம் தெரியும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறையும். ஆனால் இந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம், அதனால் உளுக்கும் வண்டுக்கு மிகவும் பிடிக்கும். அறுத்தவுடன் போரான் மருந்து ஏற்றிய மரம் தாங்கும், ஏற்றாத மரம் உளுத்துப்போகும். யாராவது தூக்கிப் போட்ட சாமானை எடுக்கும்முன் ஊசி முனை அளவு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியே ஒரு கறுப்புத் தாளின் மேல் ஒரு வாரம் வைத்துவிடுங்கள். முகப்பவுடர் போல நைசாகத் தூள் கொட்டியிருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. பக்கத்துத் தெரு ஆசாரி ஒருவரிடம் நான் அப்படி ஒரு கட்டில் சட்டத்தைக் காட்டினேன். தட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இதை வீட்டுக்குள்ள வச்சா மத்த சாமானுக்கும் விருந்து வச்ச மாதிரி" என்றார். அவ்வளவுதான், அந்தச் சட்டத்தை வாசலோடு அனுப்பிவிட்டோம். பழைய மெத்தையும் துணி சோபாவும் அப்படித்தான். தையல் மடிப்பில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சரக்கு அடுக்கும் பேலட் கட்டையில் சோபா, காப்பி மேசை செய்வது இப்போது பலருக்கும் ஆசை. கட்டையைத் தூக்கும்முன் அதன் பக்கவாட்டைப் படியுங்கள். நாடு விட்டு நாடு போகும் பேலட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை சூடு போட்டோ மையிலோ இருக்கும். எம்ஒய் (MY) என்றால் மலேசியா. அதே முத்திரையில் எச்டி (HT) என்ற எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை 30 நிமிடம் கொடுத்துப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள். அது வீட்டுக்கு ஏற்றது. எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு போட்டது. அதைப் பிள்ளைகள் புரளும் கட்டிலுக்கோ கீரைத் தொட்டிக்கோ எடுக்க வேண்டாம். முத்திரையே இல்லை என்றால் அதன் மேல் என்ன ஏற்றினார்கள் என்று கேளுங்கள். எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருந்தால் விட்டுவிடுங்கள். நீலச் சாயம் பூசிய பேலட்டுகள் பெரும்பாலும் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் சொத்து. கேட்காமல் எடுப்பது முறையல்ல. டயரில் முக்காலி செய்கிறவர்கள் அடியில் ஓட்டை போட மறக்க வேண்டாம். டயருக்குள் தேங்கும் மழைத் தண்ணீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்து பறந்துவிடும்.

மரத்துக்கு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தேய்ப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், கசங்கிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். நம் ஊர் வெயிலில் இது இன்னும் சுலபம். துணியை விரித்து வெளியே காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துப் போடுங்கள்.

சுவரில் ஓட்டை போடுகிற வேலைக்கு ஒரு சின்ன விதி: ட்ரில் உள்ளே போகும்போது வரும் தூளைப் பாருங்கள். சிவப்பு என்றால் செங்கல், சாம்பல் நிறம் என்றால் சிமெண்ட், வெள்ளையாகவும் எளிதாகவும் போனால் ஜிப்சம் பலகை. ஜிப்சத்தில் சாதாரண பிளாஸ்டிக் செருகி நிற்காது, உள்ளே போய் விரிந்து பிடிக்கும் வகை வேண்டும். சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கத்தில் ட்ரில் வைக்கவே கூடாது. வயர் அந்த வழியாகத்தான் போகும். பழைய வீடுகளின் மேற்கூரைப் பலகையும் அலையலையான கூரைத் தகடும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதை அறுக்காதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள், தூள் நுரையீரலுக்குப் போகும். உயரமான அலமாரியை மேல்பக்கம் சுவரோடு சேர்த்துத் திருகிவிடுங்கள், இழுப்பறையில் கால் வைத்து ஏறாத பிள்ளை கிடையாது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் சுவரை உடைப்பதற்கும் குளியலறை டைலைப் பெயர்ப்பதற்கும் முன் நிர்வாக அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சில சுவர்கள் கட்டடத்தையே தாங்குபவை. டைலுக்குக் கீழே இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு கிழிந்தால் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகும். 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டப்படி, வேறு காரணம் நிரூபிக்கப்படாத வரை கோளாறு மேல்பக்கம் இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

கரண்டு வேலையில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிந்த வயர்மேனைக் கூப்பிடுங்கள். சிரிம் தரச்சான்று முத்திரை இல்லாத நீட்டு வயரை வாங்காதீர்கள். 13 ஆம்பியர் பிளக் ஒன்று சுமார் 3,000 வாட் தாங்கும். கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே நீட்டு வயரில் ஓடினாலே அந்த அளவைத் தாண்டிவிடலாம்.

கடைசியாகச் சாமி மேடை. நம் வீடுகளில் சொந்தக் கையால் ஆசை ஆசையாகச் செய்யும் சாமான் இதுதான், இதில்தான் எனக்குக் கவலை அதிகம். பிளைவுட்டில் சின்னக் கோபுரம், பின்னால் நுரை ஸ்டிக்கர், மேலே வண்ண விளக்கு, நடுவில் எண்ணெய் விளக்கு. அந்த நுரை நெருப்பு பட்டால் உருகிக்கொண்டே எரியும். பின்சுவரில் ஸ்டிக்கருக்குப் பதில் டைல் பதியுங்கள். செந்தூல் பக்கத்து ஹார்ட்வேர் கடையிலேயே மிச்சத் துண்டுகளை மலிவாகக் கொடுக்கிறார்கள். விளக்குக்கு அடியில் இன்னொரு டைல் அல்லது எவர்சில்வர் தட்டு. வண்ண விளக்கு வயர் விளக்குச் சூடு படாத பக்கமாகப் போகட்டும். எல்லாம் முடிந்ததும் ஒருநாள் சாயங்காலம் விளக்கை ஏற்றி, பத்து நிமிடம் கழித்து மேல்பலகையின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் பலகையைக் கழற்றி இன்னும் ஒரு சாண் மேலே ஏற்றுங்கள், பிறகு மறுபடியும் கையை வையுங்கள்.