பழைய தோட்டத்து பிக்கப் வண்டியின் சேசிஸையும் சஸ்பென்ஷனையும் புதுப்பித்தல்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் உரமூட்டையும் ரப்பர் பாலும் ஏற்றி ஓடிய பழைய பிக்கப் வண்டிகள் இன்னும் சில வீடுகளின் பின்புறத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கின்றன. 1972 முதல் 1979 வரை உற்பத்தியான டத்சன் 620 வண்டியை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். முன்புறத்தில் டார்ஷன் பார் (முறுக்குண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீண்ட கம்பி), பின்புறத்தில் திட அச்சும் பட்டை ஸ்பிரிங்கும், இவை அனைத்தையும் தாங்கும் ஏணி வடிவச் சேசிஸ் என்பதே அதன் அமைப்பு. அக்காலத்து ஜப்பானியப் பிக்கப் வண்டிகள் பலவும் ஏறத்தாழ இதே கட்டமைப்பைக் கொண்டவை என்பதால், உங்களிடம் இருப்பது வேறு வண்டியானாலும் இந்த வரிசை பொருந்தும்.

பெரும்பாலோர் முதலில் வாங்குவது புதிய அப்சோபரையும் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தைத் தணிக்கும் குழாய்) வண்டியைத் தாழ்த்தும் பொருள்களையும்தான். அந்த வரிசை தவறு என்பது என் உறுதியான கருத்து. ஸ்பிரிங்கும் அப்சோபரும் கடினமாக ஆக, சாலையின் குலுக்கலில் கூடுதலான பங்கு நேராகச் சேசிஸுக்குப் போகிறது. ஐம்பது ஆண்டுத் துரு அரித்த இரும்பு அந்த அடியை வாங்க முடியாமல், அப்சோபர் பொருந்தும் இடத்திலோ பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் கொக்கியிலோ வெடித்துவிடும். ஆகவே முதலில் சேசிஸ், அடுத்து முன் சஸ்பென்ஷனும் பிரேக்கும், அதன்பின் பின்புறம், கடைசியாகத் திசைமாற்றியும் சக்கர நேர்த்தியும் என்ற வரிசையில் செல்வோம்.

சட்டத்தைப் பற்றியும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். சேசிஸ் எண் பொறித்த பகுதியைத் தேய்க்கவோ, வெட்டவோ, அதன் அருகில் வெல்டிங் செய்யவோ கூடாது. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வாகன மாற்றங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால், செய்யப் போகும் வேலையை எழுதி எடுத்துச் சென்று ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தேய்ந்ததைக் கழற்றி அதே வகைப் பொருளைப் பொருத்துவது ஒன்று, முன் பகுதியையே வெட்டி வேறு வண்டியின் முன் பகுதியை ஒட்டுவது முற்றிலும் வேறு. இரண்டாவதைத் தொடக்கநிலையாளர் தொட வேண்டாம்.

முதல் படி: கழற்றும் முன் அளத்தல்

வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, நான்கு டயர்களிலும் காற்றைச் சரியான அளவில் வைத்து, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்காட் விளிம்பு வரையுள்ள உயரத்தை நான்கு மூலைகளிலும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தூக்குக்குண்டை எடுத்து, முன் கீழ்க்கை (முன் சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கீழ்ப்புறக் கை) பொருந்தும் போல்ட், பின் பட்டை ஸ்பிரிங்கின் முன் கொக்கி என, இரு பக்கமும் ஒத்திருக்கும் இடங்களிலிருந்து தொங்கவிடுங்கள். குண்டின் முனை தரையைத் தொடும் இடத்தில் சுண்ணக்கட்டியால் புள்ளி வையுங்கள். வண்டியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் தரையில் சேசிஸின் வரைபடமே கிடைக்கும். இடது முன் புள்ளியிலிருந்து வலது பின் புள்ளி வரையும், வலது முன்னிலிருந்து இடது பின் வரையும் நாடாவால் அளந்து ஒப்பிடுங்கள். வேறுபாடு 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நான் மேலே செல்வேன். அதற்கு மேல் போனால் சேசிஸ் எங்கோ அடிபட்டுக் கோணியிருக்கிறது. அதை இழுத்து நேராக்கும் கருவியுள்ள பட்டறைக்கு அனுப்பாமல் வேறு எதற்கும் பணம் செலவழிக்காதீர்கள்.

இரண்டாம் படி: தூக்கி நிறுத்திக் கழற்றுதல்

ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும். செங்கல், பலகைத்துண்டு, செம்பனைக் கட்டை எதையும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். செம்மண் தரையாக இருந்தால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கு அடியிலும் கனமான இரும்புத் தகடு ஒன்றைப் போட வேண்டும், ஏனெனில் ஒரு பெருமழை பெய்தாலே ஸ்டாண்டின் கால் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

டார்ஷன் பார் முறுக்கிய நிலையில் பெரும் விசையைத் தேக்கி வைத்திருக்கிறது. அதைச் சரிசெய்யும் போல்டில் வெளியே தெரியும் மரையின் நீளத்தை அளந்து, கம்பி நுழையும் இடத்தில் பெயிண்டால் கோடு போட்டு, சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையில் போல்டை மெதுவாகத் தளர்த்தி விசையை இறக்கிய பிறகுதான் கம்பியை உருவ வேண்டும். இடது கம்பியையும் வலது கம்பியையும் மாற்றிவிடாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரே திசையில் முறுக்குண்டு பழகியது. எதிர்த்திசையில் முறுக்கினால் முறியக்கூடும். கம்பியின் மேற்பரப்பில் விழும் சிறு கீறல்கூட விரிசலின் தொடக்கமாகிவிடும் என்பதால் அதைப் பைப் ஸ்பேனரால் பிடிக்கவே கூடாது.

பிரேக் டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அக்காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். நீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தெடுத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

மூன்றாம் படி: துருவைத் தேடுதல்

தோட்டத்து வண்டிக்கு மற்ற வண்டிகளுக்கு இல்லாத ஒரு பகை உண்டு. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம், அதாவது பொட்டாசியம் குளோரைடு, ஓர் உப்பு. மூட்டை கிழிந்து கொட்டிய உரம் சுமை ஏற்றும் தொட்டியின் இடுக்கு வழியாக இறங்கிச் சேசிஸின் மடிப்புகளில் ஈரச் செம்மண்ணோடு சேர்ந்து தங்கினால், கடலோரத்து வண்டியைப் போலவே அதுவும் அரிக்கப்படும். எனவே தொட்டியை முழுவதும் கழற்றி இறக்கிவிட்டுப் பாருங்கள்; இறக்காமல் பார்ப்பது பார்த்ததாகாது.

உயர் அழுத்த நீரால் கழுவிக் காயவைத்த பின், உருண்டைத் தலைச் சுத்தியலால் சேசிஸின் முழு நீளத்தையும் ஓர் அங்குல இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். அந்த இடத்தில் தட்டையான திருப்புளியை வைத்து அழுத்தினால் துரு வெங்காயத் தோலைப் போல அடுக்கடுக்காக உரிந்து வரும், சில வேளை திருப்புளியே உள்ளே இறங்கிவிடும். பின் கொக்கிக்கு மேலுள்ள பகுதி, குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள், அடியில் மூடியிருக்கும் பெட்டிப் பகுதிகள் ஆகியவற்றில் பொறுமையாகத் தேடுங்கள். ஒவ்வோர் இடத்தையும் வெள்ளைச் சுண்ணத்தால் வட்டமிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: சேசிஸைப் பலப்படுத்துதல்

வெல்டிங் வேலையை அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அரித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுக்க வேண்டும். துருவின்மேல் தகடு ஒட்டுவது துருவை மூடி வைப்பது மட்டுமே. புதிய தகடு சேசிஸின் தடிமனையே கொண்டிருக்கட்டும். வலுவுக்காக வெளியே இன்னொரு தகடு வைத்தால் அதன் முனைகளைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள். செங்குத்தான வெல்டிங் கோடு சேசிஸைக் குறுக்கே கடந்து, அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். சட்டத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் வளைவின் பெரும்பங்கைத் தாங்குகின்றன. புதிய துளைகளை அவற்றில் போடாமல் பக்கவாட்டில் போட வேண்டும்.

வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் தொட்டியையும் எரிபொருள் குழாயையும் வண்டியிலிருந்து முழுவதும் அகற்றி வைக்க வேண்டும். நீண்ட கோடாக ஒரேயடியாக ஒட்டினால் வெப்பத்தில் சட்டம் கோணும் என்பதால், சிறு சிறு துண்டுகளாக இடம் மாற்றி மாற்றி ஒட்டுவதே முறை. வேலை முடிந்ததும் முதல் படியில் எடுத்த மூலைவிட்ட அளவை மீண்டும் எடுங்கள்.

பெயிண்ட் வேலையைக் காலையில் முடித்துவிடுவது நல்லது. பிற்பகல் மழைக்கு முன் ஏறும் ஈரப்பதத்தில், தேய்த்துப் பளபளக்கும் இரும்பு சிறிது நேரத்திலேயே மங்கிவிடும். எபாக்சி அடிப்பூச்சு, அதன்மேல் சேசிஸ் கறுப்பு, மூடிய பகுதிகளுக்குள் மெழுகுத் தெளிப்பு, இவை போதும்.

ஐந்தாம் படி: முன் சஸ்பென்ஷனும் பிரேக்கும்

டார்ஷன் பாரைத் தூக்கியெறிந்துவிட்டுக் காயில் ஸ்பிரிங் வைக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. புதிய புஷ்கள் (இணைப்புகளில் குலுக்கலை வாங்கும் உருளை வடிவ மெத்தைகள்), மூட்டுகள், வாயு நிரப்பிய அப்சோபர் ஆகியவை சேர்ந்தால் பழைய அமைப்பே இன்றைய சாலைக்கு ஈடுகொடுக்கும். பாலியூரித்தேன் புஷ் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் குலுக்கலைக் கூடுதலாகக் கடத்தும். தோட்டச் சாலையில் ஓடும் வண்டிக்கு நான் ரப்பர் புஷ்ஷையே பரிந்துரைப்பேன். ரப்பர் புஷ்ஷின் போல்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டி இறங்கி நின்றதும் ரப்பர் எந்நேரமும் முறுக்குண்டு விரைவில் கிழியும். கையால் இறுக்கி வைத்து, வண்டியைத் தன் எடையில் தரையில் நிற்கவிட்ட பிறகே முழுவதும் இறுக்குங்கள்.

முன் டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றுவதுதான் இந்த முழு வேலையிலும் வண்டியின் பாதுகாப்பை மிகக் கூட்டும் மாற்றம். அதற்கான பாகங்களைப் பொத்தோங் கடைகளில் (பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகங்களை விற்கும் கடைகள்) தேடலாம்; சக்கரத் துளைகளின் அமைப்பும் பேரிங்கின் அளவும் பொருந்துகின்றனவா என்பதை அங்கேயே அளந்து பாருங்கள். பிரேக் மிதியின் அழுத்தத்தைக் குழாய்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரையும் மறக்கக் கூடாது. டிரம்முக்கான சிலிண்டரில் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருக்கும். அதை டிஸ்க் பக்கம் விட்டுவைத்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே சூடேறும். முன்னும் பின்னும் தனித்தனியாக இயங்கும் இரட்டைச் சுற்றுச் சிலிண்டரைப் பொருத்தி, குழாய்கள் அனைத்தையும் புதிதாக்குங்கள்.

ஆறாம் படி: பின் பட்டை ஸ்பிரிங்

பட்டைகளைப் பிரித்து, இடையிலுள்ள துருவைத் தேய்த்து, விரிசல் கண்ட பட்டையை மாற்றி, தளர்ந்திருந்தால் லோரி ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்து வளைவைத் திரும்ப எடுங்கள். பட்டை ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் பழைய யூ போல்டை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை நீண்ட போல்டு மறுமுறை பிடியை வைத்திருக்காது. அச்சைத் திரும்பப் பொருத்தும்போது அதன் கோணம் மாறினால் டிரைவ் ஷாஃப்ட் அதிரும் என்பதால், கழற்றும் முன்பே கோணமானியால் அளந்து வைத்திருக்க வேண்டும். சுமை ஏற்றும் வண்டியைத் தாழ்த்த வேண்டாம்: முழுச் சுமையில் அச்சு சேசிஸை இடித்துவிடும்.

ஏழாம் படி: திசைமாற்றியும் சக்கர நேர்த்தியும்

ஸ்டீரிங்கின் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் டை ராட் முனைகளையும் ஐட்லர் கையின் புஷ்ஷையும் மாற்றி, ஸ்டீரிங் பெட்டியின் ஆட்டத்தைக் கையேட்டின்படி சரிசெய்தாலே ஸ்டீரிங்கின் தளர்ச்சி பெரிதும் குறையும். அந்தப் பெட்டிக்குப் பதிலாக ரேக் (பற்சட்டம்) வகை ஸ்டீரிங்கை நுழைத்தால், அதன் டை ராட் கீழ்க்கையின் நீளத்தோடும் கோணத்தோடும் ஒத்துப்போகாதபோது, ஒவ்வொரு குழியிலும் சக்கரம் தானாகத் திரும்பும்.

பழைய குறுக்கு இழை டயருக்கென வகுத்த அளவுகள் ரேடியல் டயருக்கு அப்படியே பொருந்துவதில்லை. நேர்த்தி பார்க்கும் கடையில் காஸ்டரை (பக்கவாட்டில் பார்க்கையில் முன் சக்கரத்தின் திருப்பு அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) அனுமதிக்கப்பட்ட எல்லையின் மேற்பக்கத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். வண்டி நேராக ஓடும், வளைந்தபின் ஸ்டீரிங் தானே திரும்பி வரும். ஆனால் நேர்த்திக்குப் போகும் முன், தோட்டத்து மண்சாலையில் வெறும் வண்டியாகவும் பிறகு பாதிச் சுமையோடும் மெதுவாக ஓட்டி ஸ்பிரிங்குகளை அமரவிட்டு, முதல் படியில் எழுதிய உயரங்களோடு நான்கு மூலைகளையும் ஒப்பிட்டு, டார்ஷன் பாரின் போல்டால் இடது வலது உயரத்தைச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். யூ போல்டுகளையும் சக்கர நட்டுகளையும் அன்றே ஒருமுறையும், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொரு முறையும் டார்க் ஸ்பேனரால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள்.