ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: ‘கிளட்ச் பிளேட் போச்சு’ என்று முடிவுகட்டும் முன்

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஆர்.பி.எம் முள் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறுவதில்லை. இதைச் சொன்னதுமே பல ஒர்க்ஷாப்களில் கிடைக்கும் பதில்: “கிளட்ச் பிளேட் தேஞ்சுபோச்சு சார், கியர்பாக்ஸை இறக்கணும்.” அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் எந்த கிளட்ச், எதனால் தேய்ந்தது என்று தெரியாமல் இறக்கினால், புதிதாகப் போடும் பிளேட்டும் சீக்கிரமே கருகிவிடும்.

முதல் குழப்பம் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. 2014-ல் மாருதி செலேரியோவில் வந்து பரவிய ஏ.எம்.டி (ஆட்டோமேட்டட் மேனுவல்), உண்மையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். சாதாரண உலர் கிளட்சை ஒரு இயந்திரக் கை அழுத்துகிறது, அவ்வளவே. சி.வி.டி (பெல்ட்டில் ஓடுவது), டி.சி.டி (இரட்டை கிளட்ச்) இரண்டும் வேறு ரகம். இங்கே நாம் பேசுவது டார்க் கன்வெர்ட்டர், அதாவது இஞ்சின் விசையை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம், வைத்த கியர்பாக்ஸைப் பற்றி. இதில் கிளட்ச் பிளேட்டுகள் அடுக்கடுக்காக ஆயிலில் முங்கியிருக்கும். ஆயில் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் அந்த அடுக்கை இறுக்கும். அழுத்தம் குறைந்தாலும் பிளேட் வழுக்கும், பிளேட் தேய்ந்தாலும் வழுக்கும். டிரைவர் சீட்டில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதனால் ஆயில் அளவைச் சரியாகப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. இஞ்சின் ஆயில் மாதிரி வண்டியை அணைத்துவிட்டுப் பார்ப்பது தவறு. பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் சமதரையில், இஞ்சின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளும் உண்டு, பழைய பி.எம்.டபிள்யூ கார்களில் வரும் இசட்.எஃப் (ZF) கம்பெனியின் 6 ஸ்பீடு கியர்பாக்ஸில், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, ஆயில் 30-லிருந்து 50 டிகிரிக்குள் இருக்கும்போது பக்கத்து பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்வதும் சரியில்லை. ஆயில் ஓடியோடி கறுப்பது இயல்பு. கருகிய வாடை அடித்தால்தான் கவலைப்பட வேண்டும். கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டான சம்ப்பைக் கழற்றினால் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். கறுப்புச் செதில்கள் கிடந்தால் அது பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சான லைனிங். பளபளக்கும் உலோகத் துண்டு கிடந்தால் பிரச்சினை பிளேட்டோடு நிற்கவில்லை.

அடுத்தது, எந்த கியரில் வழுக்குகிறது என்று குறித்துக்கொள்ளாமல் விடுவது. பெரும்பாலானோர் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள், பைசா செலவில்லாத சோதனையும் இதுதான். அதே இசட்.எஃப் 6 ஸ்பீடை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஏ முதல் ஈ வரை ஐந்து கிளட்ச் அடுக்குகள். ஒவ்வொரு கியருக்கும் இரண்டு சேர்ந்து வேலை செய்யும். ஏ என்பது 1 முதல் 4 வரை, பி என்பது 3, 5, ரிவர்ஸ், சி என்பது 2, 6, டி என்பது 1, ரிவர்ஸ், ஈ என்பது 4, 5, 6. மூன்றிலும் ஐந்திலும் வழுக்குகிறது, ரிவர்ஸும் சரியாகப் பிடிக்கவில்லை, மற்ற கியர்கள் நன்றாக இருக்கின்றன என்றால் கை நேராக பி-யைக் காட்டுகிறது. எல்லா கியரிலும் வழுக்கினால் ஐந்து கிளட்சும் ஒரே நாளில் தேய்ந்திருக்க வாய்ப்பில்லை. பம்ப், ஃபில்டர், ஆயில் அளவு என்று பொதுவான இடத்தில் தேட வேண்டும். ஒவ்வொரு கியர்பாக்ஸுக்கும் இப்படி ஒரு அட்டவணை சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொள்ளாத மெக்கானிக்கிடம் நான் வண்டியை விடமாட்டேன்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கியர் மாறும் அந்த நொடியில் மட்டும் ஆர்.பி.எம் எகிறி, பிறகு நன்றாகப் பிடித்துக்கொள்கிறதா? அப்படியானால் லைனிங்கைவிட, ஆயிலை எந்த கிளட்சுக்கு அனுப்புவது என்று கட்டுப்படுத்தும் வால்வு பாடியையோ அதிலுள்ள மின் வால்வான சொலினாய்டையோ சந்தேகப்படலாம். கியர் விழுந்த பிறகும் மேட்டில் தொடர்ந்து வழுக்கினால் பிளேட் மீது சந்தேகம் வலுக்கிறது.

60-80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது ரோட்டில் வரிவரியாகப் போட்டிருக்கும் ரம்பிள் ஸ்ட்ரிப் மேல் ஓடுவது போல ஒரு நடுக்கம் வந்தால், உடனே கியர்பாக்ஸைத் திறக்கச் சொல்லாதீர்கள். ஆளில்லாத சாலையில், ஆக்ஸிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, பிரேக் லைட் எரியும் அளவுக்கு மட்டும் பிரேக் பெடலைத் தொட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருந்து, சீரான வேகத்தில் இஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் உடனே விலகிவிடும். நடுக்கமும் நின்றால் சந்தேகம் அந்த கிளட்ச் மீது. சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. சுமை ஏறும்போது இஞ்சினில் எரிபொருள் சரியாகப் பற்றாமல் மிஸ்ஃபயர் ஆனாலும் இதே போலத்தான் இருக்கும்; ஸ்கேனரில் மிஸ்ஃபயர் கணக்கையும் பார்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக் மாற்றினால் தீரும் விஷயத்துக்கு கன்வெர்ட்டர் வாங்கக் கூடாது.

ஸ்கேனர் என்றதும் ஒரு பழக்கம் ஞாபகம் வருகிறது: மாட்டியதும் அதில் காட்டும் பிழைக் குறியீட்டை (ஃபால்ட் கோட்) அழித்துவிடுவது! பி0700 என்ற குறியீடு, ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார்’ என்பதைத் தவிர எதுவும் சொல்லாது. பி0731, பி0732 போன்றவை எந்த கியரில் விகிதம் தப்புகிறது என்று சொல்லும். தேய்மானத்தை ஈடுகட்ட கம்ப்யூட்டர் தானே கற்றுக்கொண்ட அடாப்டேஷன் அளவுகள் இன்னும் பெரிய சாட்சி. அவற்றைக் குறித்துக்கொள்ளாமல் ரீசெட் செய்தால், வண்டி கொஞ்ச நாள் நன்றாக ஓடுவது போலத் தெரியும், துப்பு போய்விடும்.

பிரேக்கை அழுத்திக்கொண்டு முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும் ஸ்டால் டெஸ்டை (கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்கும் சோதனை), சர்வீஸ் மேனுவல் அனுமதித்தால் மட்டும், 5 நொடிக்கு மேல் போகாமல் செய்யுங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் அரைகுறையாக இருக்கும் பிளேட்டும் ஆயில் சூட்டில் போய்ச் சேரும்.

கருகிய பிளேட்டைக் கையில் எடுத்ததும் ‘கண்டுபிடிச்சாச்சு’ என்று நிறுத்திவிடுவதுதான் எல்லாவற்றிலும் செலவு வைக்கும் தவறு. பிளேட் சும்மா கருகாது. பிஸ்டனின் ரப்பர் சீல் காய்ந்து விறைத்திருக்கலாம். காலையில் குளிரில் வழுக்கி, சூடானதும் சரியாகிற வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வால்வு பாடியின் துளைகள் தேய்ந்து அழுத்தம் கசியலாம். கம்ப்ரஸர் காற்றை மட்டாக வைத்து கிளட்சின் ஆயில் துளையில் அடித்துப் பாருங்கள்: ‘டப்’ என்று பிஸ்டன் நகர்ந்தால் சீல் நலம், ‘உஸ்ஸ்’ என்று காற்று போய்க்கொண்டே இருந்தால் கசிவு. ஆயில் வெளிறிய ரோஸ் நிறத்தில் பால் கலந்தது போல இருந்தால், கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது. தண்ணீர் பட்டால் லைனிங்கின் பசை விட்டுப்போகும். கூலரை மாற்றாமல் பிளேட் போடுவது வீண் வேலை.

அப்புறம், “ஆயில் மாத்தினதாலதான் கியர்பாக்ஸ் போச்சு” என்பார்கள். பெரும்பாலும் ஏற்கனவே வழுக்க ஆரம்பித்த வண்டிக்குத்தான் கடைசி முயற்சியாக ஆயில் மாற்றியிருப்பார்கள். போன லைனிங்கைப் புது ஆயிலும் கொண்டுவராது, பாட்டிலில் விற்கும் அடிடிவ்வும் கொண்டுவராது. எஸ்டிமேட் வாங்கும்போது பிளேட் செட்டோடு சீல் கிட், வால்வு பாடி சோதனை, கன்வெர்ட்டர், கூலர் சுத்தம் செய்வது ஆகியவையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிளேட் மட்டும் இருந்தால், எதனால் கருகியது என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.