கேஸ் அடிக்கும் முன் ஆயிலைக் கேளுங்கள்: வளைகுடா வெயிலில் சீன மின்சார கார்

போன வாரம் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எங்கள் கராஜ் வாசலில் ஒரு சீன மின்சார காரை ரிக்கவரி வண்டி இறக்கிவிட்டுப் போனது. பெயிண்ட்கூட மங்காத வண்டி. பட்டனை அழுத்தினால் டிஸ்ப்ளே எல்லாம் எரிகிறது, ‘ரெடி’ மட்டும் வரவில்லை. கூட வந்த தம்பி ராமநாதபுரத்துப் பையன். “அண்ணே, சைனா வண்டி இந்த வெயிலுக்குத் தாங்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க, நான்தான் கேக்கல” என்றான். நான் ஒன்றுதான் கேட்டேன்: “ஏசி கேஸ் எப்ப அடிச்ச?” முழித்தான். இரண்டு நாள் முன்னால்தான்.

நிழலில் நிறுத்து, டயர் காற்றைப் பார் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். நானே செய்து, காசு கொடுத்துக் கற்றுக்கொண்டு, இன்றைக்கும் புதிதாக வருகிறவர்கள் செய்வதைப் பார்த்து வயிறு எரிகிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

“ஏசி கேஸ்தானே, எங்கே அடித்தால் என்ன?”

பெட்ரோல் காரில் ஏசி கம்ப்ரஸரைப் பெல்ட் சுற்றும். மின்சார காரில் கம்ப்ரஸருக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. பெரிய பேட்டரியின் ஹை வோல்டேஜ் நேராக அதற்குப் போகிறது. அந்த மோட்டாரின் காயில் நனைந்து கிடப்பது ஏசி கேஸிலும் ஆயிலிலும். அதனால் அந்த ஆயில் மின்சாரத்தைக் கடத்தக்கூடாது. இதற்குப் பெரும்பாலும் ஊற்றுவது பிஓஇ ஆயில். பெட்ரோல் கார்களில் இருப்பதோ பிஏஜி ஆயில். அது ஈரத்தை உறிஞ்சும், மின்சாரத்தையும் கசிய விடும். ஒரு சதவீதம் கலந்தாலே இன்சுலேஷன் சரிந்துவிடும்.

அந்த ஒரு சதவீதம் எங்கிருந்து வருகிறது? கேஸ் மெஷினின் ஹோஸிலிருந்து. காலையில் ஒரு பிக்கப்புக்கு கேஸ் அடித்த மெஷினையே மதியம் மின்சார காரில் மாட்டினால், ஹோஸில் தங்கிய ஆயில் அப்படியே உள்ளே போகும். லீக் தேட அடிக்கும் பச்சை டை சிலவற்றில் பிஏஜி ஆயிலே கலந்திருக்கும்.

நான் செய்தது இரண்டையும். பல வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவன் என்ற திமிர். ஆகஸ்ட் மாதம், ஒரு சீன காருக்கு டை போட்டு, அதே மெஷினில் கேஸ் அடித்து அனுப்பினேன். ஏசி ஐஸ் மாதிரி வந்தது. கஸ்டமர் சந்தோஷத்தில் இருபது திர்ஹம் கையில் திணித்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் நடுரோட்டிலிருந்து போன்.

இந்த வண்டிகள் தங்கள் இன்சுலேஷனைத் தாங்களே அளந்துகொண்டிருக்கும். ஒரு வோல்ட்டுக்கு 500 ஓம் என்று கணக்கு வைத்தால், 400 வோல்ட் வண்டிக்கு 2 லட்சம் ஓம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பேட்டரியை இணைக்க மறுத்துவிடும். அது ரிப்பேர் இல்லை, ஆளைக் காப்பாற்றுகிற வேலை. அன்று கம்ப்ரஸர் வயரைக் கழற்றி, இன்சுலேஷனை அளக்கும் மெகர் மீட்டரை வைத்துப் பார்த்தேன்: 0.08 மெகாஓம், அதாவது 80 ஆயிரம் ஓம்தான். கை கால் ஆடிப் போயிற்று.

உள்ளே போன ஆயிலை வெளியே எடுப்பது லேசில்லை. கண்டென்ஸர், எவாப்பரேட்டர், பைப் என்று எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால், பைப்பில் மிச்சமிருப்பது புதியதையும் கெடுக்கும். கடைசியில் ஏறக்குறைய ஏசி முழுவதையும் மாற்றினோம். என் மூன்று மாதச் சம்பளம் போனது. அதைவிட எரிச்சல் என்னவென்றால், அந்தக் கஸ்டமர் இன்றைக்கும் “சைனா வண்டி வெயிலில் படுத்துரும்” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். படுக்க வைத்தது நான்.

இங்கே ஏசி ஆளுக்கு மட்டும் இல்லை. 2025 ஆகஸ்ட் 1 அன்று அல் அய்ன் பக்கத்து ஸ்வைஹானில் 51.8 டிகிரி அடித்தது. அந்தச் சூட்டில் வெளிக்காற்றை வைத்துப் பேட்டரியை ஆற்ற முடியாது, ஏசிதான் ஆற்ற வேண்டும். பல வண்டிகளில் ஏசி கேஸ் ஒரு சில்லர் வழியாகக் கூலன்ட்டைக் குளிர வைக்கும், அந்தக் கூலன்ட் பேட்டரிக்குப் போகும். சீனக் கம்பெனி பிஒய்டியின் ஆட்டோ 3, டால்ஃபின், சீல் போன்றவற்றில் நடுவே கூலன்ட்டே கிடையாது. பேட்டரி மேலுள்ள தட்டுக்குள் ஏசி கேஸே நேராக ஓடுகிறது. ஆக, கேஸ் குறைந்தால் முகத்துக்கு மட்டுமல்ல, பேட்டரிக்கும் குளிர்ச்சி குறையும். ஜூலையில் “சார்ஜ் ஏற மாட்டேங்குது” என்று வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது கேஸைத்தான்.

எனவே கேஸ் குறைந்தால் அப்படியே நிரப்பாதீர்கள், லீக்கைத் தேடச் சொல்லுங்கள். பைப்பைக் கையால் தொட்டுப் பார்த்து “போதும்” என்கிற வேலை இதில் ஆகாது. பானட் அடியில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று ஸ்டிக்கர் இருக்கும், எடை போட்டுத்தான் அடிக்க வேண்டும். லீக் அடைக்கும் டின்னைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். அப்புறம், கடைக்காரரிடம் மின்சார காருக்குத் தனி மெஷின் இருக்கிறதா, எந்த ஆயில் என்று கேளுங்கள். “எல்லாம் ஒண்ணுதான் பாய்” என்று பதில் வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நூறு சதவீதம் ஏற்றிவிட்டு ஊருக்குப் போவது

எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி வண்டிகளில் வாரம் ஒருமுறை முழுசாக ஏற்றச் சொல்வது வழக்கம். காரணம், அந்த செல்லின் வோல்டேஜ் நடுவில் அசையவே அசையாது. 70 சதவீதமா 40 சதவீதமா என்று வண்டிக்கே சந்தேகம் வரும், உச்சிக்குப் போனால்தான் கணக்கைச் சரி செய்யும். இதை நம் ஆட்கள் ‘எப்போதும் 100 வைத்திரு’ என்று புரிந்துகொள்கிறார்கள். வெயிலை எல்எஃப்பி மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும், உண்மைதான். ஆனால் முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் அதுவும் சத்தமில்லாமல் கிழடாகும். முழுசாக ஏற்றினால் அன்றைக்கே ஓட்டிவிடுங்கள். லீவுக்குப் போனால் பாதியளவில் விட்டு, மூடிய பார்க்கிங்கில் போடுங்கள்.

எங்கள் பில்டிங்கில் ஒருவர் ஜூலையில் 100 ஏற்றி, திறந்தவெளியில் போட்டுவிட்டு நாற்பது நாள் திருச்சி போனார். அங்கே வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் போனில் வண்டியைத் திறந்து காட்டியிருக்கிறார். ஒவ்வொரு தடவை ஆப்பைத் தட்டும்போதும் இங்கே வண்டி தூக்கம் கலைந்து எழுந்துகொள்ளும், செலவு சின்ன 12 வோல்ட் பேட்டரிக்கு. திரும்பி வந்தபோது கதவே திறக்கவில்லை. அதற்கும் சைனாவுக்குத்தான் திட்டு.

சீனக் கணக்கில் ரேஞ்சைப் பார்ப்பது

சீனாவில் ஒரு சார்ஜுக்கு 510 கிலோமீட்டர் என்று விற்ற பிஒய்டி யுவான் ப்ளஸ்தான் ஐரோப்பாவில் ஆட்டோ 3 என்ற பெயரில் 420. அளக்கும் முறைதான் வேறு. துபாய் ஜூலைக்கு அதிலும் குறைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரிக்குக் குளிர்விப்பு இருக்கிறதா என்று கேட்காமல் வாங்குவது

2012 வாக்கில் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் நிசான் லீஃப் கார்களின் பேட்டரி சீக்கிரமே கொள்ளளவு இழந்து பெரிய பிரச்சினையானது. அது ஜப்பான் வண்டி. பேட்டரியை ஆற்றத் தனி ஏற்பாடு அதில் இல்லை. சீனாவின் குட்டி மலிவு வண்டிகள் சிலவற்றிலும் இல்லை. எந்த நாட்டு வண்டி என்று பார்ப்பதை விட்டு, பேட்டரியை ஏசி ஆற்றுகிறதா என்று பாருங்கள்.

சார்ஜ் போடும்போது ஃபேன் கத்துகிறதே என்று பிடுங்குவது

கத்தட்டும்.

சீனாவுக்குச் செய்த வண்டியை விலைக்கு மயங்கி எடுப்பது

கம்பெனி டீலர் வழியாக வராமல் யார்டில் நிற்கும் வண்டிகள் விலையில் இனிக்கும். சார்ஜ் வாய் ஜிபி/டி என்கிற சீன வகை, இங்கே பொது இடங்களில் இருக்கும் ப்ளக் பெரும்பாலும் டைப் 2, சிசிஎஸ் 2 என்கிற ஐரோப்பிய வகை. ஆகவே அடாப்டர் வேண்டும். மலிவு அடாப்டர் ஒன்று வெயிலில் சூடேறி, வாயோரம் பிளாஸ்டிக் பழுப்பாகி வந்ததை நான் கையில் வைத்துப் பார்த்தேன். மெனு சீன எழுத்தில், அப்டேட் வராது, டீலரிடம் வாரன்ட்டி கேட்டால் கையை விரிப்பார்கள்.

நம் ராமநாதபுரத்துத் தம்பியின் வண்டியும் அப்படி வந்ததுதான். அதே நம்பர் கம்ப்ரஸர் இங்கே எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் இல்லை, குவாங்சோவில் ஆர்டர் போட்டிருக்கிறோம். தினமும் காலையில் “அண்ணே, வந்துருச்சா?” என்று வாய்ஸ் மெசேஜ் போடுகிறான். பின்னால் பஸ் சத்தம் கேட்கிறது.