புதிதாக உடற்பயிற்சி தொடங்குவோருக்கு: வீடா, ஜிம்மா?

வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்திலும், குறைந்தது 2 நாட்கள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியிலும் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல். இதில் முதல் பகுதிக்கு வேக நடையே போதும். பக்கத்தில் நடக்கத் தகுந்த தெருவோ பூங்காவோ இருக்கும்போது, ட்ரெட்மில்லுக்காக மட்டும் மாதச் சந்தா கட்டுவது வீண் செலவு. ஆகவே வீடா ஜிம்மா என்ற கேள்வி வலுப் பயிற்சியைப் பற்றியதே.

அதையும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு வீட்டிலேயே செய்யலாம் என்பது என் கருத்து. தொடக்கத்தில் கூடும் வலிமையின் பெரும்பகுதி தசை பெருப்பதால் வருவதன்று. இருக்கும் தசையை நரம்புகள் திறம்பட இயக்கப் பழகுவதால் வருவது. அதற்குத் தண்டாலும் பஸ்கியுமே போதிய வேலை தரும். தரையில் தண்டால் எடுக்க இயலாதவர் சுவரில் கைகளை ஊன்றித் தொடங்கி, பிறகு மேசை விளிம்பு, கட்டில் விளிம்பு, இறுதியில் தரை என்று படிப்படியாக இறங்கி வரலாம். ஊன்றும் இடம் தாழத் தாழ, கைகளும் மார்பும் தாங்கும் எடை கூடும். பஸ்கி போட முடியாதவருக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே முதல் படி. ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை வீதம் 2 அல்லது 3 சுற்றுகள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்து, 12 முறையும் எளிதாக முடியத் தொடங்கியதும் அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். எளிதாகிவிட்ட பயிற்சியையே மாதக்கணக்கில் செய்துகொண்டிருப்பவர்களுக்குத்தான் வீட்டுப் பயிற்சி பலன் தரவில்லை என்ற குறை வருகிறது.

வீட்டில் உண்மையாகவே இடறும் இடம் முதுகு. தள்ளும் பயிற்சிக்குத் தரை போதும். முதுகுக்கான இழுக்கும் பயிற்சிக்குப் பிடிமானமோ எடையோ வேண்டும். கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப் புதியவர்களில் பெரும்பாலோருக்குக் கைவராது. ஆகவே 5 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பினால் கிடைக்கும் ஏறத்தாழ 5 கிலோ எடையை, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்சாய்ந்து, விலாவை நோக்கி இழுக்கலாம். சில மாதங்களில் அந்த எடை போதாமல் போகும். பஸ்கியில் கால்களும் அதே நிலையை எட்டும். ஜிம்முக்குப் பணம் கட்டுவதில் பொருள் இருப்பது அப்போதுதான்: அங்கே எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம், முதுகுக்கு, தலைக்கு மேலுள்ள கம்பியை மார்பை நோக்கிக் கீழே இழுக்கும் லேட் புல்டவுன் கருவியும் இருக்கும்.

சேருமுன், நீங்கள் வழக்கமாகச் செல்லப்போகும் நேரத்திலேயே ஒருமுறை போய்க் கூட்டத்தைப் பாருங்கள். மூட்டு வலி, இரத்த அழுத்தம் பற்றி எதுவும் கேட்காமல் எடையைத் தூக்கச் சொல்லும் பயிற்சியாளர் உள்ள இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். தள்ளுபடி எவ்வளவு ஆசை காட்டினாலும் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுவது நல்லது. ஆண்டுச் சந்தாவில் லாபம் காண்பவர் ஆண்டு முழுவதும் செல்பவர் மட்டுமே.

எங்கே செய்தாலும், மறுநாளோ அதற்கடுத்த நாளோ தசைகளில் தோன்றும் வலி இயல்பானது. மூட்டில் சுருக்கென்று குத்தும் வலி வந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். இதய நோய், சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.