எலுமிச்சை மஞ்சளித்தால் உடனே இரும்பைக் கொட்டாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து லயங்களிலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) தாமான் எனும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்தவர்கள் வாசலோரம் ஒரு எலுமிச்சையையோ லீமாவ் கஸ்தூரி எனும் சிறு எலுமிச்சை வகையையோ ஆசையாக வளர்க்கிறார்கள். அதன் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவுதான். ஆனால் மண்ணில் இரும்பே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காரத்தன்மை ஏறிய மண்ணில் இரும்பு கரையாமல் கிடக்கிறது. வேரால் அதை எடுக்க முடிவதில்லை.

செம்பனையும் ரப்பரும் வளரும் மண் பொதுவாக அமிலத்தன்மை கொண்டது. அங்கே சுண்ணாம்புத் தூள் போட்டுப் பழகிய கை, வீட்டு மரத்துக்கும் அதையே அள்ளிப் போடுகிறது. தாமான் மண்ணிலோ கட்டட வேலையில் மிஞ்சிய சிமெண்டும் காரைத் துண்டுகளும் புதைந்திருக்கும். அடுப்புச் சாம்பலும் காரத்தைக் கூட்டும். முதலில் மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவைப் பாருங்கள். எலுமிச்சை இனத்துக்கு 6 முதல் 6.5 வரை நல்லது, 7.5ஐத் தாண்டினால் தொல்லைதான். காய்ந்த மண்ணில் வினிகரை ஊற்றும்போது நுரைத்தால் சுண்ணாம்பு மிகுந்திருக்கிறது.

துருப்பிடித்த ஆணியைப் புதைப்பது வீண். துருவும் கரையாத இரும்புதான். இரும்பு சல்பேட்டை அத்தகைய மண்ணில் இட்டாலும் விரைவிலேயே கரையாத நிலைக்குப் போய்விடும். இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் உரம் கீலேட். ஆனால் கடையில் 'இரும்புக் கீலேட்' என்று மட்டும் கேட்டு வாங்குவதும் போதாது. இ.டி.டி.ஏ. (EDTA) வகை பி.எச். 6.5க்கு மேல் பிடி தளர்ந்துவிடும், இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை 9 வரை தாங்கும். பெயர் எச்.ஏ. என்று முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெயில் அதைச் சிதைக்கும் என்பதால், மாலையில் தண்ணீரில் கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றி, மண்ணுக்குள் இறங்கும்படி மீண்டும் நீர் விடுங்கள்.

செடி வாடிவிட்டது என்று மேலும் மேலும் நீர் ஊற்றுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. சுண்ணாம்பு மண்ணில் நீர் தேங்கினால் பைகார்பனேட் பெருகி, இரும்பை உறிஞ்சுவது மேலும் தடைப்படும். பாஸ்பேட் உரம் மிகுந்தாலும் இதே கேடு.

முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் அது இரும்புக் குறைவு அல்ல. நைட்ரஜனோ மெக்னீசியமோ குறைந்திருக்கலாம். நடுநரம்பின் இரு பக்கமும் ஒத்துப்போகாமல் திட்டுத்திட்டாக மஞ்சளித்தால் எச்.எல்.பி. என்னும் பாக்டீரியா நோயாக இருக்கக்கூடும். அதற்கு மருந்தில்லை. அந்த மரத்திலிருந்து பதியன் எடுத்து அண்டை வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கந்தகத் தூள் மண்ணின் காரத்தைக் குறைக்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் அதுவும் எடுபடாது. அங்கே நல்ல மண் நிரப்பிய பெரிய தொட்டியில் நடுவதே மேல். கீலேட் இட்ட பின் பழைய இலைகளைப் பார்த்து ஏமாறாதீர்கள், அடுத்து வரும் தளிரின் நிறத்தைப் பார்த்த பிறகே மறுமுறை இடுவதா என்று முடிவு செய்யுங்கள்.