மனைப்பிரிவு போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மூன்று ஏக்கர். ஏக்கர் 60 லட்சம். மனையாகப் பிரித்தால் சதுர அடி 500 ரூபாய்க்குப் போகும். இந்த மூன்று வரியை டைரித் தாளில் எழுதிக்கொண்டு நான்கு கூட்டாளிகள் வருவார்கள். சிறு பிரமோட்டர்களுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. அந்தத் தாளை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஏக்கருக்கு 43,560 சதுர அடி. மூன்று ஏக்கரை 500ஆல் பெருக்கினால் 6 கோடியே 53 லட்சம். நிலத்துக்கு 1 கோடியே 80 லட்சம் போனால் மீதி எல்லாம் லாபம் என்ற நினைப்பு முகத்திலேயே தெரியும். நான் செய்வது அந்தத் தாளைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் புதிதாகக் கணக்குப் போடுவதுதான். கீழே வருகிற விலைகள் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தவறு பெருக்கலிலேயே இருக்கிறது. வாங்குவது ஏக்கரில், விற்பது சதுர அடியில். இரண்டுக்கும் நடுவில் நிலம் கரைகிறது. மூன்று ஏக்கர் என்பது 1,30,680 சதுர அடி. உள் சாலைகளுக்கு 28 விழுக்காடு போகிறது என்று வையுங்கள். நிலம் குறுகலாகவோ கோணலாகவோ இருந்தால் இன்னும் கூடும். மீதி ஏறக்குறைய 94,000. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பொதுப் பயன்பாட்டுக்கு இன்னும் ஒரு விழுக்காடு. கையில் நிற்பது சுமார் 83,700 சதுர அடி, அதாவது வாங்கியதில் 64 விழுக்காடு. அதற்குள்ளும் ஒரு பகுதி நலிந்த பிரிவினருக்கான சிறு மனைகளாக வர வேண்டும். அவை மற்ற மனைகளின் விலைக்குப் போகாது. அதை விட்டுவிட்டுப் பார்த்தாலும் 6 கோடியே 53 லட்சம், 4 கோடியே 18 லட்சமாகச் சுருங்கிவிட்டது. இன்னும் ஒரு கல் நடவில்லை.

10,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 2 ஏக்கர் 47 சென்ட். அதற்குக் கீழே, 3,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், திறந்தவெளிக்கு நிலத்தையும் கொடுக்கலாம், வழிகாட்டி மதிப்பில் (பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை) பணமாகவும் கட்டலாம். 2 ஏக்கர் 40 சென்ட் வைத்திருப்பவர் மலிவாக வருகிறது என்று பக்கத்தில் 15 சென்ட் சேர்க்கும் முன் இதை யோசிக்க வேண்டும். பெரும்பாலும் வாங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள்.

அடுத்தது பாதை. நிலம் அருமையாக இருக்கும். போகிற வழி புலப்படத்தில், அதாவது நில அளவை வரைபடத்தில், வண்டிப் பாதையாக இருக்கும். அல்லது படத்தில் இல்லவே இல்லாமல், பக்கத்து நிலத்துக்காரர் பெருந்தன்மையாக விட்டு வைத்ததாக இருக்கும். லே-அவுட் அனுமதிக்கு விதியில் சொன்ன அகலத்தில் பொதுச் சாலை வரை தொடர்பு வேண்டும். இல்லையென்றால் அந்தப் பக்கத்து நிலத்துக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும். நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த செய்தி அவர் காதுக்கு எப்போதோ போயிருக்கும். 6 சென்ட் கீற்றுக்கு, அரை ஏக்கர் விலை சொன்னவரை எனக்குத் தெரியும். இரண்டு மாதம் பேசிப் பார்த்துவிட்டுக் கடைசியில் அதே விலைக்குத்தான் வாங்கினார்கள். அட்வான்ஸ் போடும் முன்பே புலப்படம், அ பதிவேடு, சிட்டா ஆகிய மூன்று நில ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு சர்வேயரோடு ஒருமுறை எல்லையைச் சுற்றி நடந்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். பத்திரத்தில் மூன்று ஏக்கர் இருந்து, அளந்தால் 2 ஏக்கர் 91 சென்ட் வருவதும் அந்த நடையில்தான் தெரியும்.

நஞ்சை என்றால் மண் கணக்கு தனி. ஒரு யூனிட் கிராவல் என்பது 100 கன அடி. மனைகளை இரண்டு அடி உயர்த்த வேண்டுமானால், 83,700 சதுர அடிக்கு 1,674 யூனிட். லாரியில் வருவது தளர்ந்த மண். உருளை ஓட்டினால் அமுங்கும். ஒரு மழை பார்த்தால் இன்னும் அமுங்கும். காகிதக் கணக்குக்கு மேல் கால் பங்காவது சேர்த்து வைக்காதவர்கள், ஐப்பசியில் வாடிக்கையாளரை அழைத்துப் போய் முழங்கால் தண்ணீரைக் காட்டிவிட்டுத் திரும்புகிறார்கள்.

செலவைக் கூட்டுவோம். நிலம் 1 கோடியே 80 லட்சம். கிரயம் செய்தால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. சுமார் 16 லட்சம். சாலைப் பரப்பு 36,600 சதுர அடி. அடிக்கு 90 ரூபாய் என்றால் 33 லட்சம். மனை விற்பனைக்கு ஜிஎஸ்டி கிடையாது, மேம்படுத்திய மனைக்கும் கிடையாது என்று 2022 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கை தெளிவாக்கியது. அதைக் கேட்டுக் குஷியாகிறவர்கள், அதே காரணத்தால் சாலை ஒப்பந்ததாரர் பில்லில் போடும் 18 விழுக்காட்டைத் திரும்ப எடுக்க முடியாது என்பதை மறந்துவிடுகிறார்கள். அது ஒரு 6 லட்சம். வடிகால், மின்கம்பம், தண்ணீர்த் தொட்டி, வேலி, கல், முகப்பு வளைவு எல்லாம் 25 லட்சம். அனுமதிக் கட்டணங்கள் 12 லட்சம். விற்றுக் கொடுப்பவர்களுக்கு 6 விழுக்காடு கமிஷன் என்றால் 25 லட்சம். மொத்தம் 2 கோடியே 97 லட்சம்.

இதுவரை தெளிவாகக் கணக்குப் போடுகிறவர்களும் வட்டியில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். தனியார் பிரமோட்டர் நிலம் வாங்குவதற்கு வங்கிகள் கடன் கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. பணம் வெளியில்தான் வரும், இரண்டு வட்டிக்கு. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். கேட்க லேசாக இருக்கும், ஆண்டுக்கு 24 விழுக்காடு. 2 கோடி வெளிக்கடன் என்றால் மாதம் 4 லட்சம். அனுமதிக்கு எட்டு மாதம் ஆனால் 32 லட்சம். பிறகு விற்று முடிக்கப் பதினாறு மாதம், கடன் சராசரியாகப் பாதி நிற்கிறது என்றால் இன்னொரு 32 லட்சம். செலவு 3 கோடியே 61 லட்சம் ஆகிவிட்டது. மிச்சம் 57 லட்சம். வருமான வரி போனால் 40 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நான்கு பேருக்கு, இரண்டு ஆண்டு அலைச்சலுக்கு, ஆளுக்கு 10 லட்சம். விற்பனை ஒரு வருடம் இழுத்தால் அதிலும் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வட்டிக்காரருக்கு.

இந்த வட்டிச் சூட்டில்தான் அடுத்த தவறு பிறக்கிறது. அனுமதி வரும் முன்பே நோட்டீஸ் அடித்து முன்பதிவு வாங்குவது. 500 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. மீறினால் திட்டத்தின் மதிப்பிட்ட செலவில் 10 விழுக்காடு வரை அபராதம். மூன்று ஏக்கர் திட்டத்தில் அது 36 லட்சம் வரை போகலாம். பதிவு செய்த பிறகும், வருகிற பணத்தில் 70 விழுக்காடு தனிக் கணக்கில் இருக்க வேண்டும். வேலை முடிந்த அளவுக்கு, பொறியாளர், கட்டடக் கலைஞர், ஆடிட்டர் சான்றோடுதான் எடுக்க முடியும். முதல் பத்து மனைப் பணத்தில் கடனை அடைத்துவிடலாம் என்று போட்ட திட்டம் அங்கே உடைகிறது.

16 லட்சத்தை மிச்சம் பிடிக்கக் கிரயம் செய்யாமல் பவர் பத்திரத்தில் ஓட்டுகிறவர்கள் நிறைய. ஒரு மனைப்பிரிவில் நில உரிமையாளர் எழுபதைத் தாண்டியவர், நல்ல மனிதர், பதிவுக்குப் பதிவு உயிர்ச் சான்றை வாங்கித் தயாராக வைத்திருப்பார். 19 மனை பதிவான நிலையில் ஒரு நாள் காலமானார். அவரோடு பவரும் போயிற்று. வாரிசுகள் ஐந்து பேர், ஒருவர் வெளிநாட்டில். நிலத்தின் புது விலை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உரிமை பிணைந்த பவர் (பவர் வாங்கியவருக்கே அந்தச் சொத்தில் பாத்தியதை இருப்பது) முறியாது என்று வழக்கறிஞர் சொன்னார், சட்டப்படி சரிதான். ஆனால் அதை நீதிமன்றத்தில் நிறுவும் வரை வட்டிக்காரர் காத்திருக்க மாட்டாரே. வாரிசுகளோடு ஒப்பந்தம் போட்டு முடிக்க எட்டு மாதமும், மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கும் ஆயிற்று.

விற்ற விலையைவிட வழிகாட்டி மதிப்பு 10 விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக இருக்கும் அளவுக்கு இறக்கி விற்றால், வராத பணத்துக்கும் வரி கட்ட வேண்டியிருக்கும். அவசரத்தில் விலையைக் குறைப்பவர்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எந்த மனையை எப்போது விற்பது. மேலே சொன்ன கணக்கில் 55 மனை இருந்தால், 47 வரை விற்பது முதலுக்கும் செலவுக்கும் சரியாகப் போகும். லாபம் மீதி எட்டில். ஆனால் அறிமுக விலையில் முதல் மாதமே பறப்பவை கார்னர் மனைகளும் கிழக்குப் பார்த்தவையும். கடைசி எட்டு எவை என்று போய்ப் பாருங்கள். தெற்குப் பார்த்தது, டிரான்ஸ்பார்மரை ஒட்டியது, முக்கோணமாக வந்தது, சாலை நேராக வந்து முட்டும் தெருக்குத்து. சீமைக் கருவேலம் முளைத்திருக்கும். ஆளுக்கு ஆள் காட்டி, ஒவ்வொருவருக்கும் 50 ரூபாய் குறைத்து, அப்படியும் நிற்கும்.

ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு நல்ல மனையைக் கையில் வைத்துக்கொண்டு விடுவது ஒரு வழி. அதைவிடச் சுலபமானது, வரைபடம் போடுகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுவது: சாலை முட்டும் இடத்தில் மனை வேண்டாம், பூங்காவைக் கொண்டுபோய் அங்கே வையுங்கள். விதி இடம் கொடுக்கும் அளவுக்கு அவரும் வைத்துத் தருவார். எப்படியும் தானமாக எழுதிக் கொடுக்கப்போகிற இடம்தானே.