ஆலையும் கிடங்கும் விரியும்போது வரைபடத்திலேயே நேரும் தவறுகள்

ஆலை விரிவாக்கத்தில் நேரும் பெரும்பாலான சிக்கல்களுக்கு ஒரே வேர்தான் உண்டு: கட்டடத்தை முதலில் வரைந்துவிட்டு, அதற்குள் சரக்கு எவ்வழியே நகரும் என்பதைப் பிறகு யோசிப்பது. இயந்திரங்களுக்கு இடம் ஒதுக்கியதுபோக எஞ்சும் மூலை கிடங்காகிவிடுகிறது. உற்பத்தி இரட்டிப்பானால் உள்ளே வரும் மூலப்பொருளும், வெளியேறும் சரக்கும், திரும்பி வரும் காலிப் பெட்டிகளும் ஏறத்தாழ அதே அளவில் பெருகும் என்பதை அந்த வரைபடம் கணக்கில் கொள்வதே இல்லை.

கிடங்கின் கொள்ளளவைச் சதுர மீட்டரில் முடிவு செய்வது அடுத்த தவறு. நாளொன்றுக்கு 400 பாலெட்டுகள் (சரக்கை அடுக்கி ஃபோர்க்லிஃப்டால் தூக்கும் தட்டுகள்) வந்து, ஒவ்வொன்றும் சராசரியாக 6 நாள் தங்குமானால், எந்நேரமும் 2,400 பாலெட்டுகள் உள்ளே இருக்கும். ஆனால் 2,400 இடங்கள் மட்டும் கட்டினால் போதாது. ஏறத்தாழ 85 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பிய கிடங்கில், ஒரு பாலெட்டை வைக்க வேறொன்றை நகர்த்த வேண்டிய நிலை வந்து வேலை தேங்கத் தொடங்கும். ஆகவே 2,800-க்கும் சற்றுக் கூடுதலான இடங்கள் தேவை. பருவகால உச்சம் இருந்தால் அதற்கும் மேலே.

ஃபோர்க்லிஃப்டைக் கட்டடம் முடிந்தபின் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் விலை அதிகமான முடிவு. சாதாரண ஃபோர்க்லிஃப்டுக்கு 3.5 முதல் 4 மீட்டர் அகலப் பாதை வேண்டும். குறுகலான பாதைக்கென அமைந்த ரீச் டிரக்குக்கு 3 மீட்டரை ஒட்டிய அகலம் போதும். தூண்களின் இடைவெளி இந்த அகலத்தையும், பாலெட்டுகளை அடுக்கும் ரேக்கின் ஆழத்தையும் சேர்த்து அமைய வேண்டும். இல்லாவிட்டால் தூண் பாதையின் நடுவே வந்து நிற்கும், அதைப் பின்னர் நகர்த்த முடியாது.

தரையைப் பற்றிய தவறு கண்ணுக்குத் தெரியாதது என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சதுர மீட்டருக்கு 5 டன் தாங்கும் என்ற ஒற்றை எண்ணை நம்பி ரேக் நிறுத்துவோர் பலர். பீம்களின் மீது 4 அடுக்கு, ஒவ்வொரு அடுக்கிலும் 1 டன் எடையுள்ள இரண்டு பாலெட்டுகள் என்று கொண்டால், இரு செங்குத்துச் சட்டங்களுக்கு இடைப்பட்ட ஒரு கட்டத்தின் சுமை 8 டன். வரிசையின் நடுவிலுள்ள ஒவ்வொரு சட்டமும் தன் இருபுறத்துக் கட்டங்களிலிருந்தும் பாதிப் பாதியாக அதே 8 டன்னைச் சுமந்து, இரண்டு கால்கள் வழியே தரைக்கு இறக்குகிறது. அதாவது, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய அடித்தகட்டின் கீழ் 4 டன் அழுத்தம். பரவிய சுமைக்காகப் போட்ட கான்கிரீட் இதைத் தாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ரேக்கின் கால் சுமைகளைப் பெற்ற பிறகே தரையின் தடிமனைக் கணக்கிட வேண்டும்.

உயரத்திலும் இதே கவனம் வேண்டும். கூரை வரை அடுக்கலாம் என்று கணக்கிட்டவர்கள், தீயணைப்புத் தெளிப்பான்களுக்குக் கீழே விட வேண்டிய வெற்றிடத்தை மறந்துவிடுகிறார்கள். பரவலாகப் பின்பற்றப்படும் நெறிகளின்படி அது வழக்கமான தெளிப்பான்களுக்குச் சுமார் 45 செ.மீ., மிகுதியான நீரை விரைந்து பொழியும் வகைக்குச் சுமார் 90 செ.மீ. இதனால் மேலடுக்கு முழுவதுமே கைவிட்டுப் போகலாம்.

லாரிகள் நின்று சரக்கேற்றும் டாக்குகளைச் சராசரியால் அளக்கக் கூடாது. 8 மணி நேரத்தில் 24 லாரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் என்றால் 3 டாக் போதும் என்று தோன்றும். அவற்றில் பாதி முதல் இரண்டு மணி நேரத்திலேயே வந்துவிட்டால் 6 வேண்டும். டாக்குக்கு உட்புறம் சரக்கை இறக்கி, சரிபார்த்து வைக்கும் இடத்தையும் விட்டாக வேண்டும். நெருக்கடி வந்தால் அந்த வேலை நடைபாதைக்கும் அவசர வழிக்கும் பரவிவிடும்.

புதிய பகுதிக்குப் காற்றை அழுத்தி இயந்திரங்களுக்கு அனுப்பும் பழைய கம்ப்ரசர் குழாயின் நுனியிலிருந்தே காற்றை இழுப்பதும் வழக்கமாகிவிட்டது. நுனியில் அழுத்தம் குறையும்போது கம்ப்ரசரின் அழுத்தத்தைக் கூட்டுவார்கள். ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) கூடினால் மின்செலவு சுமார் 7 விழுக்காடு ஏறும். பெரிய விட்டமுள்ள குழாயை வளையமாகச் சுற்றிவிடுவதே நிலையான தீர்வு.

கட்டுமானக் காலத்தில் பழைய ஆலை ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் வரைபடத்திலேயே காட்ட வேண்டும்: தடுப்புச் சுவர் எங்கே, அவசர வழி எந்தப் பக்கம் மாறும், மின்சாரம் எந்த நாளில் நிறுத்தப்படும் என்று. அதோடு, டிரான்ஸ்ஃபார்மர் அறையையும் தண்ணீர்ப் பம்புகளையும் அடுத்த விரிவாக்கத்துக்குத் திறக்க வேண்டிய சுவரை ஒட்டி வைத்துவிடக் கூடாது. அந்தச் சுவர் எது என்பதை இப்போதே குறித்து, அதன் அடித்தளத்தை இருபுறச் சுமைக்கும் ஏற்றவாறு வடிவமைத்துவிட வேண்டும்.